பச்சைக் கடை, சிவப்புக் கடை

அமெரிக்காவில் சவர பிளேடு விற்கிற ஒரு கம்பெனியின் முதலாளி எந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தார் என்று அனுசியாவுக்குத் தெரியும். தான் குடியிருக்கிற மில்லர்புரத்தில் எதிர்வீட்டுக்காரர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்று தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை.

எம்.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீசில் சில வருஷம் இருந்தவள். மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை தேடியபோது இது கிடைத்தது. டெக்சாஸில் உள்ள ஒரு சின்னக் கம்பெனி செல்போனில் ஓர் ஆப் நடத்துகிறது. கடையில் ஒரு சாமானை எடுத்து அதன் பார்கோடைப் போனில் காட்டினால் போதும், அதைச் செய்த கம்பெனி ‘நம்ம ஆளா’ இல்லையா என்று சொல்லிவிடும். நம்ம ஆள் என்றால் குடும்பத்தையும் தேவாலயத்தையும் பெரிதாக நினைக்கிறவர், கருக்கலைப்பு கூடாது என்கிறவர், துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை விட்டுக்கொடுக்காதவர். எதிர்த்தரப்புக்குப் பணம் கொடுக்கிற கம்பெனிக்கு மதிப்பெண் குறையும். அதற்குப் பதிலாக எங்கே வாங்கலாம் என்று ஆப்பே வழி காட்டும். அப்படிக் காட்டப்படுகிற கம்பெனிகள் ஆப்புக்குச் சந்தா கட்டும். வியாபாரம் அதுதான்.

மதிப்பெண் போடுகிறவர்களில் அனுசியாவும் ஒருத்தி. காலையில் மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு லேப்டாப்பைத் திறப்பாள். நாய்த் தீனி, வங்கி, செருப்பு, பீர் என்று எதையாவது அனுப்பியிருப்பார்கள். முதலாளி எங்கே பேசினார், யாருக்கு நன்கொடை எழுதினார், வேலைக்காரர்களுக்கு எந்த விஷயத்தில் சலுகை கொடுத்தார் என்று தேடித் தேடிக் கட்டங்களை நிரப்ப வேண்டும்.

பாளை ரோட்டில் மொத்தப் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அவள் கணவன் சிவபாலனுக்கு இது பெரிய வேடிக்கை.

“காப்பிப் பொடியில என்னளா கட்சி?”

“அங்கன இருக்கு. போலீஸ்காரங்க, மிலிட்டரிக்காரங்களுக்குன்னே ஒரு காப்பி விக்காங்க. பாக்கெட்டுல துப்பாக்கிப் படம். அதைக் குடிக்கவன் மத்த காப்பியத் தொடமாட்டான்.”

“ருசி எப்படி இருக்குமாம்?”

“அதுக்கு மார்க் கிடையாது.”

அவளுடைய அமெரிக்க முதலாளி பெயர் டேல். நல்ல மனிதர். சாயங்காலம் வீடியோவில் கூடும்போது சின்ன ஜெபம் செய்துதான் தொடங்குவார். மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அனுசியா ஒரு தடவை லீவு கேட்டிருந்தாள். அடுத்த வாரம் மறக்காமல் பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரித்தார். இந்த ஆப் எதற்கு என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டபோது, “எங்கள் ஜனங்கள் யாரையும் வெறுக்கவில்லை. தாங்கள் கொடுக்கிற பணம் தங்களுக்கு எதிராகவே வேலை செய்வதைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள், அவ்வளவுதான்” என்றார். அனுசியாவுக்கு அது நியாயமாகவே பட்டது. யார் கையில் தன் பணம் போக வேண்டும் என்று முடிவு செய்ய ஒருவருக்கு உரிமை இல்லையா?

ஆனால் வேலை அவள் கண்ணுக்குள் போய்விட்டது. அவளே அதை ஒரு மருந்துக்கடையில்தான் கவனித்தாள். மாத்திரைச் சீட்டை நீட்டிவிட்டு நிற்கும்போது பார்வை தானாக மேலே ஏறி, சுவரில் என்ன சாமி படம் இருக்கிறது என்று பார்த்தது. இயேசு. அடுத்த கடையில் முருகன். பழச்சாறுக் கடையில் மெக்கா படம் போட்ட காலண்டர். பார்த்து என்ன செய்யப்போகிறாள்? ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தாள். ஆட்டோவில் ஏறினால் கண்ணாடியில் தொங்குகிற மணியைப் பார்த்தாள். பெயர்ப்பலகையில் முதலாளி பெயரை வாசித்து, அவர் ஊர், ஆட்கள் என்று மனதுக்குள் கட்டம் கட்டமாக நிரப்பினாள். வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. துணியை மடித்து வைத்து, கலைத்து, மறுபடி மடித்தாள். உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற மதியக் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து கொக்கியை மாட்டிவிட்டு வந்தும் மனசு அடங்கவில்லை.

அந்த நாட்களில்தான் தம்பி பாலகணேஷ் வந்தான். டவுனில் செல்போன் உதிரிச் சாமான் கடை வைத்திருந்தான். ஆன்லைன் வியாபாரம் வந்ததிலிருந்து அவன் கடையில் ஈ ஆடியது. வாலிபர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் மாதிரி வைத்திருந்தார்கள். அதில் இவன் முன்னால் நிற்கிறவன்.

“ஏக்கா, நீ அமெரிக்காக்காரனுக்குச் செய்யுதல்லா, அதை நம்ம ஊருக்கு ஒண்ணு செஞ்சு தா. நம்ம ரூவா நம்ம ஆளுககிட்டயே சுத்தணும்.”

“ஏலே, அது பெரிய கம்பெனிகளுக்குல்லா.”

“சும்மா மாதிரிக்கு. உங்க நாலு தெருவ மட்டும் போடு. பயலுவகிட்ட காட்டணும்.”

அவள் யோசிக்கவில்லை. கை பழகியிருந்தது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் முடித்துவிட்டாள். கடைப்பெயர், முதலாளி, எந்தப் பண்டிகைக்கு அடைப்பார், எந்தக் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ நன்கொடை கொடுப்பார், சரக்கு யாரிடம் எடுப்பார். நான்கு தெருவும் அவள் தினம் நடக்கிற தெருக்கள். எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் டேலின் கட்சிக்கு நிறம் சிவப்பு. அந்தப் பழக்கத்தில் ‘நம்ம கடை’களுக்கெல்லாம் சிவப்பு அடித்திருந்தாள். பாலகணேஷ் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“தலைகீழாப் போட்டிருக்கியேக்கா! சிவப்புன்னா போவாதன்னுல்லா அர்த்தம்.”

அவளும் சிரித்துக்கொண்டே நிறத்தை மாற்றிக் கொடுத்தாள்.

அந்தத் தெருக்களில் ராஹிலாவின் தையல் கடையும் இருந்தது. ராஹிலா காயல்பட்டணத்துக்காரி. கணவர் சவூதியில். பிள்ளைகள் படிப்புக்காக மில்லர்புரத்தில் வீடு எடுத்து, முன்னறையில் பிளவுஸ் தைத்து ஆரி வேலைப்பாடு செய்து கொடுத்தாள். கல்யாண மாசங்களில் அவள் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. அனுசியாவின் தங்கை கல்யாணப் பிளவுஸ் அவள் கைவேலைதான்.

ஆவணி பிறந்தது. வாசல் காலியாகவே கிடந்தது. அனுசியா முதலில் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுத்து வந்து காட்டியபோது, “ராஹிலாக்காட்ட குடுத்திருங்க, சீக்கிரம் தந்திருவாவ” என்றாள்.

இசக்கியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “இனி அங்கன குடுக்காண்டாம்னு இருக்கோம். குரூப்புல வந்துச்சே, நீ பாக்கலியா?”

போனை வாங்கிப் பார்த்தாள். சிவப்புக் கட்டம். ‘ராஹிலா டெய்லரிங். வெள்ளி மதியம் அடைப்பு. நன்கொடை பள்ளிவாசலுக்கு.’ டெய்லரிங் என்பதில் அவள் அவசரத்தில் விட்ட எழுத்துப்பிழை அப்படியே இருந்தது. ஒரு வார்த்தையைக்கூட யாரும் மாற்றவில்லை. அதில் ஒரு பொய்கூட இல்லை.

மாடிக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள்.

“ஏலே, மாதிரின்னுதான சொன்ன?”

“ரெண்டு மூணு பேருக்குத்தான்க்கா அனுப்புனேன். அது ஓடிட்டு. நான் என்ன செய்ய?”

“அழிக்கச் சொல்லு.”

“யார்கிட்டச் சொல்ல? சிவகாசி வரைக்கும் போயிட்டு.” பிறகு கொஞ்சம் பெருமையோடு, “எல்லாவனும் இதை யாரு செஞ்சதுன்னு கேக்கான். உன் பேரச் சொல்லல, பயப்படாத” என்றான்.

மாடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். கீழே போய் ராஹிலா கடை வரைக்கும் நடந்து, உள்ளே தையல் மெஷின் சும்மா கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மறுநாள் புதுத் துணி எடுத்துக்கொண்டு கிளம்பி, வாசல்படியில் இறங்காமலேயே திரும்பி வந்து பீரோவில் வைத்தாள். லேப்டாப்பில் டேல் அனுப்பிய சோப்புக் கம்பெனி காத்துக் கிடந்தது.

அது ஒரு பட்டியலோடு நிற்கவில்லை. இதற்குப் பதிலடியாக இன்னொன்று கிளம்பியது. பிறகு வேறொரு கூட்டம் தன் பங்குக்கு ஒன்று. ஒரு மத்தியானம் சிவபாலன் சாப்பிட வந்தவன் சோற்றில் கை வைத்தபடியே போனை அவள் பக்கம் தள்ளினான்.

“நம்ம கடையப் போட்டிருக்கானுவ பாரு. இங்க வாங்காதீங்கன்னு. யாசிர் பாய்தான் அனுப்புனாரு.” யாசிர் காயல்பட்டணத்து வியாபாரி. கிராம்பும் பேரீச்சையும் சிவபாலன் அவரிடம்தான் எடுப்பான். இரண்டு பேருக்கும் அப்பா காலத்துப் பழக்கம். “எங்க பயலுவ செஞ்ச வேலை, மனசுல வச்சுக்கிடாதீங்கன்னு அவரு சங்கடப்படுதாரு. ஆனா முதல்ல உங்க பக்கந்தான் ஆரம்பிச்சாவன்னும் சொல்லுதாரு. எவன்னு மட்டும் தெரிஞ்சா…”

“நான்தான்.”

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையில் சோறு காய்ந்தது.

“தம்பி கேட்டான்னா செஞ்சிருவியா?”

“எனக்குச் செய்யத் தெரிஞ்சுது. அதான் செஞ்சேன்.”

அவன் திட்டவில்லை. தட்டை எடுத்துப் போய்க் கழுவினான். வழக்கமாக அவன் செய்யாத வேலை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். நேரே காயல்பட்டணம் போய், யாசிரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு டவுனுக்கு வந்து, வியாபாரிகள் சங்கத்தில் மூத்த அண்ணாச்சிமார் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து நின்றிருக்கிறார்கள். யார் ஆரம்பித்தது என்று அண்ணாச்சிமார் கேட்டதற்கு, “எங்க வீட்லதான்” என்று சொல்லியிருக்கிறான். பட்டியல் அனுப்புகிறவன் கடைக்கு யாரும் சரக்குப் போடக் கூடாது என்று பேசி முடித்தார்கள். கொஞ்ச நாளில் மழை வந்தது, தீபாவளி வந்தது, குரூப்புகளில் வேறு சண்டை வந்தது. சிவபாலன் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய கடை தாங்கும்.

ராஹிலா அதற்குள் வீட்டைக் காலி செய்து காயல்பட்டணத்துக்கே கிளம்பிவிட்டாள். அனுசியா போனபோது மெஷின்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ராஹிலாக்கா, அந்த லிஸ்ட்டு…”

“தெரியும்” என்றாள் ராஹிலா. நூற்கண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டே பேசினாள். “வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் கதவச் சாத்திட்டு உள்ளுக்குள்ள நான் தொழுவேன். அது வெளிய தெரியாது. அந்த நேரம் வந்து கதவத் தட்டுனவ நீ ஒருத்திதான்.”

“எல்லார்ட்டயும் சொல்லுதேன்க்கா. நானே வீடு வீடாப் போய்…”

“என்னன்னு சொல்லுவ? ராஹிலா நல்லவ, அவகிட்டக் குடுங்கன்னா? அதுவும் மார்க்கு போடுறதுதான்.” கோபமாகச் சொல்லவில்லை. வண்டிக்காரரைப் பார்த்து, “பாத்து, ஊசி உடைஞ்சிராம” என்றாள். அனுசியா ஒரு மூட்டையைத் தூக்கப் போனாள். வண்டிக்காரர் அதை முந்தி வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு அவள் டேலுக்கு எழுதினாள். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினாள். பதில் மறுநாளே வந்தது. உன் மனச்சாட்சியை மதிக்கிறேன், உன் ஊருக்காக எங்கள் குடும்பம் ஜெபிக்கும் என்று எழுதியிருந்தார். அது பொய்யில்லை, அவர் ஜெபித்திருப்பார். கடைசிப் பத்தியில், உங்கள் பகுதியில் இதற்கு இவ்வளவு தேவை இருப்பது ஆச்சரியமாக இருக்கிறது, பொறுப்பாகச் செய்தால் நன்றாக வரும், ஒரு நாள் பேசுவோமா என்று கேட்டிருந்தார்.

அந்தப் பத்தியை அவள் பல தடவை வாசித்தாள். அதற்குப் பிறகும் சில வாரம் வேலையை ஓட்டிப் பார்த்தாள். ஓஹையோவில் ஒரு குடும்பம் நடத்துகிற மெழுகுவர்த்திக் கம்பெனி வந்தது. முதலாளி அம்மாவும் இரண்டு மகள்களும் கடை வாசலில் நிற்கிற படம். கட்டத்தில் எண் போடக் கை வரவில்லை. நாள் முழுக்க அந்தப் படத்தைத் திறந்து வைத்திருந்துவிட்டு, வேலையை விடுவதாக எழுதி அனுப்பினாள்.

இப்போது துறைமுகம் போகிற ரோட்டில், கப்பல் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். தம்பி வருவான், போவான். அவனோடு பேசுகிறாள், முன்போல இல்லை. அவன் தன் கடையை மூடிவிட்டு, எந்த ஆன்லைன் கம்பெனியைத் திட்டினானோ அதற்கே பார்சல் கொண்டு கொடுக்கிறான்.

லீவு நாளில் சிலசமயம் காயல்பட்டணம் பஸ் ஏறிவிடுவாள். இறங்கி, ராஹிலா இருக்கிற தெருமுனை வரைக்கும் போய், டீக்கடை ஓரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். போன மாசம் அப்படி நின்றபோது ராஹிலாவே வாசலுக்கு வந்து பார்த்துவிட்டாள்.

“வர்றதா இருந்தா வா. நடுத்தெருவுல நிக்காத.”

உள்ளே போனாள். சின்ன அறை. ஒரு மெஷின்தான் இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்காமல், பையில் கொண்டுவந்திருந்த பிளவுஸ் துணியை எடுத்து நீட்டினாள். ராஹிலா டேப்பை எடுத்து அவள் தோளில் வைத்து அளந்தாள்.

“கை எவ்வளவு வைக்க?”

“எப்பவும் போல.”

“பழைய அளவு நோட்டெல்லாம் வீடு மாத்துனதுல போயிருச்சு. புதுசாத்தான் எடுக்கணும்.” எடுத்துக் குறித்துக்கொண்டாள். “ரெண்டு மாசம் ஆகும். வேலை நெறையக் கெடக்கு.”

அலமாரியில் மடித்த துணி அதிகம் தெரியவில்லை. உண்மையிலேயே வேலை இருக்கிறதா, வராதே என்பதை இப்படிச் சொல்கிறாளா, இல்லை இன்னும் ஒரு தடவை வரட்டும் என்று நினைக்கிறாளா, அனுசியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. “சரிக்கா” என்று சொல்லி வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தும், ஆத்தூர் தாண்டுகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.