கழற்றாமல் விட்ட மோட்டார்கள்

பள்ளிபாளையத்தில் காவிரிக் கரையோரம் எங்கள் வீடு. முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள் ஓடின. ஆற்றில் உபரிநீர் திறப்பதாக ஒலிபெருக்கியில் அறிவித்தால், தறி மோட்டார்களைக் கழற்றி மாடியில் ஏற்றிவிட்டுத்தான் நிவாரண முகாமுக்குப் போவோம்.

சென்ற வெள்ளத்தின்போதும் என் கணவர், "ஸ்பேனர் எங்க புள்ள?" என்று கேட்டார். வீட்டுக் கடன் வாங்கியபோது வெள்ளத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் போட்டிருந்தோம். அந்தத் தைரியத்தில் நான்தான் தடுத்தேன்.

"இடுப்பு வலியோட எதுக்குங்க தூக்கறீங்க? போனா இன்சூரன்ஸ்ல வந்துருமுங்க."

அவரும் விட்டுவிட்டார்.

தண்ணீர் வடிந்து திரும்பியபோது மோட்டார்கள் சேற்றுக்குள் கிடந்தன. தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் அழுகி நாறியது.

சேதம் பார்க்க வந்த சர்வேயர் சுவரையும் தரையையும் படம் எடுத்தார். தறிப் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதற்கு, "இது ஊட்டுக் கட்டடத்துக்குப் போட்ட பாலிசிங்க. தறி தொழில் சாமானம், அதுக்குத் தனியாப் போட்டிருக்கோணுமுங்க" என்றார். பாலிசியிலும் அப்படித்தான் இருந்தது. நாங்கள் அதைப் பிரித்துப் படித்ததே இல்லை.

சுவரைச் சரிசெய்யப் பணம் வந்தது. புது மோட்டார்கள் வாங்க வழியில்லாமல் தறிகள் பழைய இரும்புக்குப் போயின. அவர் இப்போது அடுத்த தெருப் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டிலேயே தறி வைத்திருப்பவர்களைக் கண்டால், தறிக்குத் தனியாக இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று நானே வலியப் போய்க் கேட்கிறேன்.

இந்த வருடமும் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. பழக்கத்தில் அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்குப் போனார். போய், வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.