அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த பதில்

என் தம்பிக்கு மூன்றரை வயதில் எண்கள் பதினொன்றோடு முடிந்துவிட்டன. செம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குப் படிகள் பதினொன்று. அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறும்போதெல்லாம் எண்ணுவாள், அவனும் கூடவே எண்ணுவான், பதினொன்று வந்ததும் கதவு வந்துவிடும். கதவு வந்த பிறகு எதற்கு எண்? புதன்கிழமை தோறும் கூடையோடு வரும் மீன்காரம்மாவிடமும் அதே கணக்குதான். கூடைக்கு முன்னால் குந்தி, ஒவ்வொரு சங்கரா மீனின் மேலும் விரலை வைத்து எண்ணி, பதினொன்றில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவான்.

"இன்னா கண்ணு, மீதியெல்லாம் மீனா தெரில உனுக்கு?" என்பாள் மீன்காரம்மா. பிறகு அம்மாவைப் பார்த்து, "வாரா வாரம் எண்ணிக்கினு மட்டும் கீறான். வாங்கச் சொல்லும்மா."

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. தாம்பரத்தைச் சுற்றி வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, வீடுகளுக்குள் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளை எந்த எல்.கே.ஜி.யில் சேர்ப்பது என்பது தெருவின் ஒரே பேச்சாகியிருந்த காலம். நான் தெருக்கோடியில் இருந்த சிறிய பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு. என்னைச் சேர்த்தபோது இன்டர்வியூ எதுவும் இல்லை. ஒரு காலையில் அப்பா ஆபீஸ் போகிற வழியில் விட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான். தம்பி ஆண் பிள்ளை. அவனுக்குப் பெரிய பள்ளிக்கூடம். அதன் அப்ளிகேஷனோடு பளபளவென்று ஒரு புக்லெட்டும் வந்தது. அதில் தந்தை, தாய் இருவரோடும் பள்ளி பேச விரும்புகிறது என்று போட்டிருந்தது.

அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "பேசறதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ சிரிச்ச முகமா உக்காரு, போதும்" என்றார் அம்மாவிடம். அதில் கோபமோ இளக்காரமோ இல்லை. மழை வரும்போல் இருக்கிறது, குடை எடுத்துக்கொள் என்பதுபோலச் சொன்னார். அம்மா மதுராந்தகம் பக்கத்தில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் நான் பள்ளி விட்டு வந்ததும் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்றாள். பையனோடு வீட்டில் என்ன செய்வீர்கள் என்று அம்மாக்களைக் கேட்கிறார்களாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்கு மட்டும் அவளே பதில் சொல்ல வேண்டும், அப்பா சொல்லக்கூடாது. இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறாயா?

நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என் வகுப்பு மிஸ் மாதிரியே பேனாவைத் தட்டினேன். "முதல்ல தமிழ்ல சொல்லு. என்ன பண்ணுவ அவன்கூட?"

"என்னத்த பண்ணுவேன்..." என்று இழுத்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. "துணி காயப்போடறப்ப கிளிப் எடுத்துக் குடுக்கச் சொல்லுவேன். செவப்பு கேட்டா செவப்பு, பச்சை கேட்டா பச்சை. பட்டாணி உரிப்பான், பாதி கிண்ணத்துல, பாதி வாயில. சட்டைக்கு அவனே பட்டன் போடுவான். கால் மணி நேரம் ஆகும். எனக்குக் கை பரபரன்னு வரும், இருந்தாலும் தொடமாட்டேன், சும்மா நிப்பேன். ஏரிக்கரைக்குப் போனா கண்ணை மூடிக்கச் சொல்லி, என்னென்ன சத்தம் கேக்குதுன்னு கேப்பேன். பஸ்ஸுன்னுவான், கோழின்னுவான், ஏரோப்ளேன்னுவான். ஒருநாள், நீ மூச்சு விடறது கேக்குதும்மான்னான்."

சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள்.

இன்று என் மகளின் பள்ளியிலிருந்து பெற்றோருக்கான குறிப்புகள் கைபேசிக்கு வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. குழந்தையை வீட்டு வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறம் பிரிக்கச் சொல்லுங்கள். உங்கள் அவசரத்தை அதன் விரல்களில் ஏற்றாதீர்கள். வெளியே போனால் கேட்கப் பழக்குங்கள். வரிவரியாகப் படிக்கிறேன், முப்பதைத் தாண்டிய கண்களோடு, ஒவ்வொரு வரியிலும் தடுக்கிக்கொண்டு. அன்றைக்கு ஒன்பது வயதில், சமையலறை வாசலில், நான் சொன்னது இதுதான்:

"ஐயோ அம்மா, இதையெல்லாம் போய்ச் சொன்னா சிரிப்பாங்க."

அவள் முகம் சட்டென்று அடங்கிவிட்டது. "சிரிப்பாங்களா?"

"பின்ன? கிளிப்பு, பட்டாணின்னு..."

என்னிடம் வேறு வழி இருந்தது. அந்தப் பளபளப்பான புக்லெட்டை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே, சிரிக்கும் குழந்தைகளின் படத்துக்குக் கீழே, ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. பள்ளிக்கூடமே எழுதிய பதில்! அதைவிடச் சரியான பதில் உலகத்தில் இருக்க முடியுமா? 'வீ' என்று தொடங்கியதை 'ஐ' என்று மாற்றினேன். நான் செய்த ஒரே திருத்தம் அதுதான். ஐ டெவலப் த ஃபைன் மோட்டார் ஸ்கில்ஸ் ஆஃப் த சைல்ட் த்ரூ ஜாய்ஃபுல் ப்ளே.

"மோட்டாரா? நம்ம தண்ணி மோட்டாரா?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? மனப்பாடம் பண்ணு."

அது விரல்களின் வேலைத்திறன் என்பது எனக்கும் தெரியாது; அதை எந்த டீச்சர் ஒப்புக்கொள்வாள்?

பத்து நாட்கள். சாயங்காலம் அப்பா வருவதற்கு முன்னால் வகுப்பு. அம்மாவை ஃபிரிட்ஜ் பக்கத்தில் கைகட்டி நிற்கச் சொல்வேன். ஸ்கேலை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகக் கேட்பேன். 'ஜாய்ஃபுல்' அவளுக்கு வழுக்கியது. பத்து தரம் எழுது என்று இம்போசிஷன் கொடுத்தேன். பழைய டைரியில் அவள் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு, மறுபடியும் இங்கிலீஷில் எழுத வைத்தேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும், அம்மா முணுமுணுத்துக்கொண்டே கிளறுவாள். தம்பி அவள் புடவையைப் பிடித்து இழுத்து, ஏரிக்குப் போகலாம் என்பான். "அப்புறம்டா, அம்மாவுக்குப் படிப்பு இருக்கு." அந்தப் பத்து நாளும் அவர்கள் ஏரிக்குப் போகவே இல்லை.

இன்டர்வியூ ஒரு சனிக்கிழமை. வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த அறையில் கதவோரம் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. தலைமையாசிரியை கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு தம்பியோடு பேசினார். நிறங்கள் கேட்டார், சொன்னான். எண்ணச் சொன்னார். எண்ணினான். பதினொன்றில் நிறுத்திவிட்டு, வீடு வந்துவிட்டது போல நிம்மதியாகக் கதவைப் பார்த்தான்.

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

அப்பா அவசரமாகக் குறுக்கிட்டு, நூறு வரை தெரியும் மேடம், வெட்கப்படறான் என்று இங்கிலீஷில் சமாளித்தார். தலைமையாசிரியை அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினார். திரும்பி, நாங்கள் மூவருமே எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். தமிழில் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. வீட்ல பையனோட என்ன பண்ணுவீங்க?"

அதே கேள்வி. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிற்பது போலவே கைகளைக் கட்டிக்கொண்டாள், ஒரு சொல் விடாமல் சொன்னாள். 'ஜாய்ஃபுல்' கூட வழுக்கவில்லை. நான் பெருமையில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இது எங்க புக்லெட்ல இருக்கறதும்மா" என்றார், மென்மையாகத்தான். "அது இருக்கட்டும். நீங்க என்ன பண்ணுவீங்க?"

தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழில் ஒரு பதில் உண்டு. பத்து நாளுக்கு முன்பு அது அம்மாவிடம் இருந்தது. இப்போது அவள் அதைத் தேடுவது தெரிந்தது; கண்கள் மேஜையில், சுவரில், தம்பியின் சட்டைப் பட்டனில் போய்ப் போய்த் திரும்பின. பிறகு என்னைப் பார்த்தாள். நான் உதட்டை அசைத்து முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். 'ஐ.'

அம்மா அந்த வாக்கியத்தையே மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"சரிம்மா" என்றார் தலைமையாசிரியை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பாவிடம் எந்த ஆபீஸ் என்று விசாரித்தார்.

தம்பிக்கு இடம் கிடைத்துவிட்டது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தான் பேசியதால்தான் என்று அப்பா இன்றுவரை நம்புகிறார். அம்மா அதை மறுத்ததில்லை.

திரும்பும் வழியில், வேளச்சேரி ரோட்டில், அப்பா கரும்பு ஜூஸ் கடையில் வண்டியை நிறுத்தினார். மெஷினின் சக்கரத்தில் கட்டியிருந்த சலங்கையைப் பார்க்கத் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார். ஸ்கூட்டர் பக்கத்தில் அம்மாவும் நானும். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பத்து நாள் உழைப்பு.

"சொன்னதையே யாராவது ரெண்டு தடவை சொல்லுவாங்களா? மானமே போச்சு."

அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அவங்க வேற மாதிரி கேட்டா நீ வேற மாதிரி சொல்ல வேணாமா? உனக்கா ஒண்ணுமே தோணாதா?"

அதைக் கேட்டுத் திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள் என்றுதான் நினைவு. பிறகு, கலைந்திருந்த என் முன்முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"தப்புதான் டீச்சர். அடுத்த தடவை நல்லா படிச்சிட்டு வரேன்."

அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் எல்.கே.ஜி.க்குப் போக இனி யாரும் இல்லை; அவளை எதிரில் உட்காரவைத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க இனி யாரும் வரப்போவதில்லை. அது எனக்குமே தெரியும். ஆனால் யார் யாரிடம் தப்புதான் என்று சொல்ல வேண்டும் என்பது நான்காம் வகுப்பின் எந்தப் பாடத்திலும் இல்லை. அப்பா கொண்டுவந்து கொடுத்த ஜூஸை அம்மா வாயில் வைக்காமல் என்னிடம் நீட்டினாள். போனால் போகிறது என்று அவளை மன்னித்து, முழுவதையும் நானே குடித்தேன்.