இடுக்கில்லாத வீடு

2006-ம் வருடம், மார்கழி மாதம். கொடைக்கானலில் இருந்து பேத்துப்பாறைக்குப் போகும் சாலையில், ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்கினால் தகரக் கூரை போட்ட பதினெட்டு வீடுகள் இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அங்கேதான் இது நடந்தது.

அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. கணவருக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மலைக்கு வருவார். நான் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் பகுதிநேரமாகச் சேர்ந்திருந்தேன். வீடு வீடாகப் போய் விறகு எரிப்பதைக் குறைக்கச் சொல்ல வேண்டும். விறகு குறைந்தால் காற்றில் சேரும் கரியமில வாயு குறையும், சோலைக்காடு பிழைக்கும், பெண்களுக்குத் தலைச்சுமையும் குறையும். மக்களின் பழக்கத்தை மாற்றுவதுதான் வேலை என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். சொன்னதை அப்படியே செய்கிற ரகம். செய்து முடித்த பிறகு, சரியாகத்தான் செய்தோமா என்று தூங்காமல் புரள்கிற ரகமும்கூட. அந்தக் குடியிருப்பில் என்னை 'டீச்சர்' என்பார்கள். கையில் துண்டுப்பிரசுரம் வைத்திருப்பவள் டீச்சர்தானே.

அங்கே சமையலைவிடக் குளிருக்குத்தான் விறகு அதிகம் போனது. பலகைச் சுவரிலும் தகரத்தின் ஓரத்திலும் இருக்கிற இடுக்குகள் வழியாகச் சூடெல்லாம் வெளியே போய்விடும். அதனால் கோணியையும் பழைய செய்தித்தாளையும் வைத்து இடுக்குகளை அடைக்கச் சொன்னோம். அடைத்துவிட்டால் தனியாக விறகு மூட்ட வேண்டாம்; சமைத்த அடுப்பில் மிஞ்சும் கரித்தணலை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்தாலே போதும். தணலை அள்ளி உள்ளே வைப்பது அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தவள், கடைசி வரிசை வீட்டில் இருந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கேரட் தோட்டத்தில் கூலி வேலை. கணவர் வேலை தேடி வெளியூர் போயிருந்தார், குழந்தை இல்லை. மைதாப் பசை காய்ச்சி, சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி, கதவின் அடியில் கோணி சுருட்டி வைத்திருந்தாள். கொளுத்திய தீக்குச்சியைச் சுவரோரமாகப் பிடித்துக்கொண்டு நடந்தால், காற்று வரும் இடத்தில் சுடர் ஆடும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் வீட்டில் சுற்றிச் சுற்றி நடந்தும் சுடர் ஆடவே இல்லை. நான் கை தட்டினேன். அவள் கதவில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். மற்ற பெண்களை அழைத்து வந்து காட்டவும் செய்தேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது அவள் முகம் வீங்கினாற்போல இருந்தது.

"டீச்சர், ராவுல யாரோ எம்பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க."

"கனவா இருக்கும்மா."

"இல்லீங்க. மொதல்ல காதுக்குள்ள மணி அடிக்கிற மாதிரி. அப்பறம் பேரு. எந்திரிக்கலாம்னா காலு வர மாட்டேங்குது."

குளிருக்கு உள்ளே கூடையில் போட்டு மூடியிருந்த இரண்டு கோழிக்குஞ்சுகள் காலையில் செத்துக் கிடந்தனவாம். கடியில்லை, காயமில்லை. எந்நேரமும் அடுப்படியில் படுத்திருக்கும் பூனை, வாசலோடு நின்று உள்ளே பார்த்துக் கத்துகிறதே தவிர வருவதில்லை. அந்த வீட்டில் முன்பு குடியிருந்த ஒருத்தி உள்ளேயே இறந்துபோனவள்; அவள்தான் திரும்பி வந்துவிட்டாள் என்று குடியிருப்பில் பேச்சு. கதவு நிலையில் பழனி விபூதி பூசியிருந்தது.

"பின்ன என்ன டீச்சர், நீங்க வீட்ட அம்புட்டுக் கதகதப்பா ஆக்கிட்டீங்க. பேயும் குளிர் தாங்காம உள்ள வந்து ஒக்காந்துருக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வாய்த்துடுக்கான பெண். எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் அன்று உள்ளே உட்கார்ந்து அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கே நெற்றிப்பொட்டு இறுகியது. என் முதுகுக்குப் பின்னால், சுவருக்கும் எனக்கும் நடுவில், யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கரிச்சட்டிதான். தணல் மூச்சு விடுவதைப்போலச் சிவந்து மங்கிச் சிவந்தது. சாலைக்கு ஏறி வந்ததும் தலைவலி விட்டுவிட்டது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள் பேய்க்குப் பயந்தாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் பெரிய கவலை.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல். சாரல் விட்டு விட்டு விழுந்தது. வழக்கம்போல மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவளுக்குச் சளி. தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்.

"புள்ளைய இப்புடி நனைய விட்டுத் தூக்கிட்டு அலையிறீங்களே. குடுங்க இங்க. உங்க சோலிய முடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அந்தப் பெண் கை நீட்டினாள்.

ஒரு கணம் தயங்கினேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"பேய் வீடுன்னு பயப்படுறீங்களாக்கும்?"

அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டுத்தான் பிள்ளையைக் கொடுத்தேன். உள்ளே இதமான சூடு. பாயில் படுக்க வைத்துப் போர்த்தினாள். கதவு சாத்தும் சத்தமும், கோணியைத் தள்ளி அடைக்கும் சத்தமும் எனக்குக் கேட்டன.

மேல் வரிசைக்கு ஏறுவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. ஒரு வீட்டில் பேசிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். என் மகள் அழுதாள்.

தூரத்தில் இல்லை. என் இடது தோளுக்குப் பின்னால், அவளை எப்போதும் சாய்த்துக்கொள்ளும் இடத்தில். சிணுங்கலாகத் தொடங்கி, மூச்சு நின்று, மறுபடி வரும் அழுகை. கை தானாகத் தோளுக்குப் போய்த் தட்டிக் கொடுத்தது. அங்கே சேலைத்தலைப்புதான் இருந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இரண்டு முறை விழுந்தேன். அந்த வீடு பனிக்குள் ஒரு பெட்டியைப்போல இருந்தது. பூனை வாசலில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கதவைத் தட்டினேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. ஏதாவது இடுக்கு வழியாக உள்ளே பார்க்கலாம் என்று சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தேன். ஓர் இடுக்குகூட இல்லை. நான்தானே தீக்குச்சியைப் பிடித்துச் சரி பார்க்கச் சொன்னேன்!

கல்லை எடுத்து ஜன்னல் பலகையை உடைத்துக் காகிதத்தைக் கிழித்தேன். உள்ளே இருட்டில் தணல் மட்டும் சிவப்பாக. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது, அவள் அசையவில்லை. அவள் மடியில் என் மகள். கன்னம் இரண்டும் அப்படிச் சிவந்து, அத்தனை அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். ஜன்னலில் முகத்தை வைத்தவள், "அடிப் பாவி, கரிய வச்சு மூடிட்டாளே! கதவ ஒடைங்க, வெரசா!" என்று அலறினாள். இருவரும் மோதி மோதித் தாழ்ப்பாளைப் பெயர்த்தோம். பிள்ளையை வெளியே தூக்கி வந்தபோது கழுத்து நிற்கவில்லை. சாரலில் முகத்தைக் காட்டிக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. அவள் என்மேல் வாந்தி எடுத்தாள். பிறகுதான் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி வெளியே இழுத்துப் போட்ட அந்தப் பெண்ணுக்கு நினைவு திரும்பவில்லை. கேரட் ஏற்ற வந்த ஜீப்பில் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மருத்துவர் ஒரே கேள்விதான் கேட்டார். "மூடின ரூம்ல கரி வச்சிருந்தீங்களா?" மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு. காதில் ஒலி கேட்பது, கால் வராமல் போவது, யாரோ இருப்பதுபோலத் தோன்றுவது எல்லாம் அதனால் வரக்கூடியதுதான் என்றார். இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். மகள் அன்றே தெளிந்துவிட்டாள். அந்தப் பெண் மறுநாள் காலையில்தான் பேசினாள்.

இனி சொல்லப்போவதை என் கணவரிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை. துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரி இருந்தது: 'உள்ளே தணல் இருக்கும்போது ஒரு ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள்.' முதல் வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். "ஒரு பக்கம் அடைக்கச் சொல்றீங்க, இன்னொரு பக்கம் தொறக்கச் சொல்றீங்க. என்னா டீச்சர், வெளாட்டா?" என்று அங்கிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வீட்டிலிருந்து அந்த வரியைச் சொல்லவில்லை. கேலிக்கு ஆளாகாமல் இருப்பதற்காக விட்டுவிட்டேன். வேதியியல் படித்த நான்!

இரண்டு நாள் கழித்துப் பதினெட்டு வீட்டுக்கும் போனேன். விட்ட வரியைச் சொன்னேன். ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் நின்று ஒரு ஜன்னலைத் திறந்து, நான்கு விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். "எங்க உசுரு ஒங்க வெக்கத்தவிடச் சல்லிசாப் போச்சோ?" என்று ஒருத்தி கேட்டாள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அங்கெல்லாம் வெளியே நின்று ஜன்னலைத் தட்டித் திறக்க வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய அந்தப் பெண் மட்டும் என்னைத் திட்டவில்லை. "அப்ப எம்பேரக் கூப்புட்டது அந்தக் காத்துதானா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மகள் அழுவது கேட்டுத்தான் ஓடி வந்தேன் என்பதையும் சொன்னேன். "ஒங்கள எதுங்க கூப்புட்டுச்சு? புள்ள அழவே இல்லியே. எனக்குக் கை கால்தான் வரல, காது கேட்டுச்சு. எம்மடியில கெடந்தது ஒரு முனகல் முனகலையே."

நான் வெளியே, சாரல் காற்றில் அல்லவா நின்றிருந்தேன்? மருத்துவர் சொன்ன விளக்கம் எனக்குப் பொருந்தாது. எப்போதும் பதறுகிற தாயின் காது தானாக அழுகையைக் கற்பனை செய்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

காட்டைக் காக்கும் அந்த வேலையை நான் விடவில்லை, அது நல்ல வேலைதான். ஆனால் இன்றும் ஒருவர் வீட்டு வாசலில் நின்று 'இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்ல வாயைத் திறக்கும் முன், நான் சொல்வதை நம்பி இந்த வீட்டுக்குள் என் பிள்ளையைத் தூங்க வைப்பேனா என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.