நான் காப்பாற்றிய ரேடியோ

ஹட்டன் பஜாரில் ஒரு ரேடியோ கடையின் பின்கட்டில் ஆறு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். உட்கார்ந்து என்று சொல்வதுகூடப் பொய்தான். எனக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. ஈயம் பற்றவைக்கும் கம்பி சூடேறுவதற்குள் நாலு தடவை வாசலுக்குப் போய் வந்துவிடுவேன். “ஒங் காலுல யாருடா சக்கரத்தக் கட்டிவிட்டது?” என்பார் முதலாளி. கோபமும் எனக்கு அப்படித்தான், மூக்கு நுனியிலேயே இருக்கும். ரேடியோவைத் திட்டுவேன், அதைத் தூக்கிக்கொண்டு வந்தவரையும் சேர்த்துத் திட்டுவேன். கைவேலை சுத்தம் என்று பேர் இருந்ததால் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் கொட்டகலைக்கு மேலே இருக்கும் தோட்டம் ஒன்றிலிருந்து டீ மேக்கர் ஒருவர் வந்தார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை, அதாவது ஸ்டோர், முழுக்க அவர் பொறுப்பு. பஸ்ஸில் இடிபடாமல் கம்பளியில் சுற்றி ஒரு வால்வு ரேடியோவைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வால்வெல்லாம் சிவக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றார்.

அந்தக் காலத்து ரேடியோவுக்கு இரண்டு உயிர். ஒன்று வால்வைச் சூடாக்குவது. இன்னொன்று இருநூறு வோல்ட்டுக்கு மேல் உள்ளே ஓடுகிற உயர் அழுத்த மின்சாரம். கடையில் அதை எச்.டி. என்போம். முதலாவது இருந்து இரண்டாவது போய்விட்டால் ரேடியோ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் கிடக்கும். கழற்றிப் பார்த்தேன். எச்.டி. வரும் வழியில் இருந்த பெரிய கண்டென்சர் வெடித்து, மெழுகு ஒழுகி, கூடவே ஒரு வால்வையும் கொண்டுபோயிருந்தது. இரண்டையும் மாற்றினேன். இரண்டு நாள் கடையில் விடாமல் பாடியது. கொடுத்தனுப்பினேன்.

பத்தே நாளில் அதே கம்பளி, அதே ரேடியோ, அதே கண்டென்சர். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“யாரு உள்ள கைய விட்டது?”

“யாரும் தொடலைங்க தம்பி. சாயந்தரம் பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தோம். ஒரு கால் மணி நேரம் நல்லாத்தான் பாடுச்சு. அப்பறந்தான் கருகுன வாசம் வந்துச்சு.”

“போன தடவ?”

“அப்பயும் கால் மணி நேரந்தாங்க.”

“அந்தக் கால் மணி நேரத்துல என்னதான் பண்ணுனீங்க? சும்மா இருக்கிற செட்டு ரெண்டு தடவ எரியுமா?”

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். என் வயதைப் போல் இரண்டு மடங்கு வயதுள்ள மனிதரைப் பொலிஸ்காரன் மாதிரி நான் விசாரித்தேன். அவர் முதலாளியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், எதையோ சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டார். “ஒண்ணும் பண்ணலைங்க” என்றார்.

போகும்போதுதான் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். மகள் கொழும்பில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்குச் சிறுவர் நிகழ்ச்சியில் ஒரு பாட்டுப் பாடப் போகிறாள். நேரடியாக ஒலிபரப்பாவதால் ஒரே தடவைதான். மனைவிக்கு இருதய வருத்தம். ரயிலில் கொழும்புக்குக் கூட்டிப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “அவ கேக்கணும்னுதான் தம்பி இந்தச் செட்டையே வாங்குனேன்.”

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வீம்பாகவும் இருந்தது. செட்டை நானே கொண்டுவந்து, பாட்டு முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே இருப்பதாகச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ரேடியோவையும் வோல்ட் மீட்டரையும் சுமந்துகொண்டு கொட்டகலையில் இறங்கி, இரண்டு மைல் ஏறிப் போனேன். டீ மேக்கரின் குவாட்டர்ஸ் மேட்டிலும் ஸ்டோர் அதற்குக் கீழேயும் இருந்தன. முன்னறையில் கட்டில் போட்டு அந்த அம்மா சாய்ந்து படுத்திருந்தார். தலைவாரிப் பூ வைத்து, நல்ல சேலை உடுத்தியிருந்தார். கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார்.

“வீட்டுல அவ பாடாத நாளில்ல தம்பி. அது எனக்குப் பாடுறது. எல்லாருக்கும் பாடுறத ஒரு தடவ கேட்டுரணும்” என்றார்.

மீட்டரைச் சுவரில் மின்சாரம் வரும் இடத்திலேயே மாட்டினேன். தோட்டத்துக்கு வருவது ஊர் மின்சாரம் இல்லை. ஆற்றுத் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்ற, அது ஸ்டோரில் இருக்கும் டைனமோவைச் சுற்றி, ரோலர்களுக்கும் விளக்குகளுக்கும் கொடுத்தது போக மிச்சம் குவாட்டர்ஸுக்கு வரும். இந்த டைனமோவில்தான் ஏதோ கோளாறு என்று எனக்குச் சந்தேகம். ஆனால் முள் இருநூற்றிருபதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பத்து மணிக்கும் இருநூற்றிருபது, பன்னிரண்டுக்கும் இருநூற்றிருபது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் மீட்டருக்குமாக நடந்தேன். ஏரியல் கம்பியை இழுத்துப் பார்த்தேன், பிளக்கைத் திருகிப் பார்த்தேன். ஐந்து தடவை பிளேன்டீ குடித்தேன். “ஒக்காருங்க தம்பி, தல சுத்துது” என்று அந்த அம்மா சிரித்தார்.

மத்தியானம் செய்தி கேட்கச் செட்டைப் போட்டேன். பேச்சுக்கு மேலே ஒரே கரகரப்பு. அது கோளாறு இல்லை. கொழுந்தை உருட்டுகிற ரோலர் மோட்டார்களின் தீப்பொறிச் சத்தம் ரேடியோவில் விழுந்தது. கொழுந்து குவிகிற பருவமாதலால் ரோலர்கள் சாயந்தரம் வரை ஓடும். “இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க, சகிச்சுக்கிட்டுத்தான் கேக்கணும்” என்றேன். டீ மேக்கர் தனக்குள் சிரித்துக்கொண்டார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்கிற பொறுமை எனக்கு இருக்கவில்லை.

நாலு மணிக்கு மேல் கரகரப்புக்கு நடுவே நிகழ்ச்சி தொடங்கியது. நாலு இருபத்தைந்துக்கு டீ மேக்கர் எழுந்து, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து வாசல் வேலியில் விரித்துப் போட்டார். கீழே ஸ்டோரின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. ரேடியோவின் கரகரப்பும் அடங்கிவிட்டது. அறிவிப்பாளரின் மூச்சுகூடத் துல்லியமாகக் கேட்டது.

“துண்டு தொங்குற வரைக்கும் எங்காளுங்க ரோலரப் போடமாட்டாங்க தம்பி. அந்த ரெண்டு நாளும் பாட்டுக் கேக்குறப்ப இப்படித்தான் நிறுத்துனோம். பெரிய தொர காதுக்குப் போனா எஞ்சீட்டக் கிழிச்சிருவாரு. அதான் அன்னக்கிக் கடையில நாலு பேரு முன்னால சொல்லல.”

நான் மீட்டரைத் திரும்பிப் பார்த்தேன். முள் இருநூற்றைம்பதில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

சுமையை இறக்கிய வண்டிமாடு தன்பாட்டில் ஓடுகிற மாதிரி, ரோலர்களின் பாரம் போனதும் தண்ணீர்ச் சக்கரம் தறிகெட்டுச் சுற்றியது. டைனமோவும் கூடச் சுற்றி வோல்ட்டை ஏற்றியது. இரண்டு கண்டென்சர்களைக் கொன்றது இதுதான். நாலு பேர் முன்னால் நான் கத்தியதால் அவர் விழுங்கிய ஒரு வார்த்தையில் எல்லாமே இருந்திருக்கிறது. முள் இருநூற்றெண்பதைத் தொட்டது.

அப்போது அந்தப் பெண் பாடத் தொடங்கினாள். சின்னக் குரல்தான், ஆனால் பயமில்லாத குரல். அம்மா கட்டிலில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். முதல் அடி முடிந்து, அவள் அதையே மறுபடி பாடத் தொடங்கினாள்.

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

யோசித்துச் செய்ததல்ல. ஆறு வருடமாக எரிந்த செட்டுகளையே கழற்றிப் பழகிய கை அது, தானாகப் போய்விட்டது. “ரோலரப் போடச் சொல்றேன், இந்தா வந்துர்றேன்” என்று கத்திக்கொண்டே படியிறங்கி ஸ்டோருக்கு ஓடினேன். ரோலருக்குப் பக்கத்தில் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“துண்டு தொங்குதுங்களே” என்றார்.

“அவருதான் போடச் சொன்னாரு.”

“சொல்லியிருந்தா துண்ட எடுத்திருப்பாருங்க.”

ரோலரை நானே போட எனக்குத் தெரியாது. வாசலுக்கு வந்து மேலே பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன், கத்தினேன். டீ மேக்கர் வேலிப் பக்கம் வந்து, நான் என்ன சொல்கிறேன் என்று புரிந்துகொண்டு துண்டை எடுத்தபோதுதான் ரோலர் அசைந்தது. மூச்சிரைக்க மேலே ஏறினேன். முள் இருநூற்றிருபதுக்கு இறங்கியிருந்தது. பிளக்கைச் சொருகினேன். வால்வு ரேடியோ போட்டவுடன் பேசாது. சூடேற அரை நிமிடம் வேண்டும். அந்த அரை நிமிடம் மூன்று பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கரகரப்பு வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பையன் விடுகதை போட்டான்.

டீ மேக்கர் துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் மீட்டரைக் கழற்றினேன், கம்பியைச் சுருட்டினேன், சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினேன். கை சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. இனி ரேடியோ பாடும்போது ரோலரை நிறுத்தவே கூடாது என்று டைனமோ பற்றி நீளமாக விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

புறப்படும்போது அம்மா கூப்பிட்டார். தலையிலிருந்த பூ நழுவித் தோளில் கிடந்தது.

“செட்டுக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி?”

“ஒண்ணும் ஆகலம்மா. நல்லாருக்கு.”

“விட்டிருந்தா எரிஞ்சுதான் போயிருக்குமா?”

“கண்டிப்பா எரிஞ்சிருக்கும்மா.”

அவர் ரேடியோவைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

“பாட்டு முடியிறதுக்குள்ளயா?”

அந்தப் பெண் பாடுவதற்குக் கொடுத்திருந்த நேரம் நாலு நிமிடம். இரண்டு தடவையும் ரோலர் நின்ற பிறகு அந்த ரேடியோ கால் மணி நேரம் பாடிவிட்டுத்தான் எரிந்தது.

“ஆமாம்மா” என்றேன்.