மைனஸ் மூன்று

கையேட்டின் நாற்பத்தேழாம் பக்கம், மூன்றாவது பத்தி இப்படிச் சொல்கிறது: பொது அமைப்புகளில் செய்த மாற்றங்களை சேமிப்பதற்கான ‘ரைட்’ பொத்தானை அழுத்தி, கேட்கப்படும் கேள்விக்கு ‘யெஸ்’ என்று உறுதி செய்தால், கருவியை அணைத்து மீண்டும் இயக்கினாலும் அவை மாறாமல் இருக்கும். நான் அழுத்தினேன். உறுதி செய்தேன். முடிந்தது என்று திரையில் வந்ததைக் கைப்பேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொண்டேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டால், நான் வைத்த மைனஸ் மூன்று போய்ப் பூஜ்யம்.

முப்பத்துநான்கு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு, விதி இல்லாத இடத்தில் ஒரு காரியம் நடக்காமல் போவது பழகிய விஷயம். விதி இருந்தும் நடக்காவிட்டால் தூக்கம் கெடும். எனக்குக் கெட்டது. அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் இருந்தால்தான் என் மனைவி பாடுவாள் என்ற நிலை அப்போது இருந்தது.

கருவி புதிதல்ல. செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மேடைக் கலைஞர்கள் பயன்படுத்தும் சிந்தசைசர். எழுபத்தாறு கட்டைகள், விரல் விழும் வேகத்துக்கு ஏற்ப ஒலி மென்மையாகவோ கூர்மையாகவோ வரும், அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அமுக்கினால் அதே ஒலி லேசாக நடுங்கும். இடது ஓரத்தில் ஒரு சக்கரம். உருட்டினால் சுவரம் வழுக்கிக்கொண்டு மேலே போகும். கையேடு பார்க்காமல் காதாலேயே எல்லாவற்றையும் கண்டுபிடியுங்கள் என்று அவர் சொன்னார். நான் அன்று மாலையே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கையேட்டை அச்செடுத்து ஸ்பைரல் போட்டேன். இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம்.

ஒலியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். பியானோ அபாரம். கீழ்ப்பக்கத்து ஒரு கட்டையை அழுத்தினால் மேசை மட்டுமல்ல, விலா எலும்பும் அதிர்ந்தது. விரலை எடுத்த பிறகு சுத்தியல் திரும்பி உட்காரும் சின்னச் சத்தம்கூடக் கேட்டது. வயலின் கூட்டம் பரவாயில்லை. வீணை என்று பெயர் போட்டிருந்தது எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவது போல இருந்தது. ஆர்மோனியத்தில் துருத்தியின் காற்றுச் சத்தத்தையும் சேர்த்தே பதிந்திருந்தார்கள். தம்பூரா நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பதிவின் முடிவையும் தொடக்கத்தையும் ஒட்டிய இடம் பதினோரு விநாடிக்கு ஒருமுறை லேசாகக் கிளிக் என்றது. ஒருநாள் அதைக் கேட்டுத் தொலைத்தேன். அதன்பிறகு தம்பூராவைப் போட்டால் அடுத்த கிளிக்குக்குக் காத்திருப்பதைத் தவிர என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

இளம் வயதில் அலுவலக மனமகிழ் மன்றத்து நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்திருக்கிறேன். அந்த அனுபவம்தான் மூலதனம். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை பெண்கள் பஜனை பாடுவார்கள். முன்பாட்டு என் மனைவி. ஆர்மோனியம் வாசித்த அம்மா மகனோடு பெங்களூர் போய்விட்டதால், சிந்தசைசரோடு நான் வாசிப்பதாக ஏற்பாடு. அதற்குள் மனைவிக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. பேசுவதற்கு ஒன்றும் ஆகாது, மேல் ஸ்தாயி திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

எங்கள் பக்கம் பாடுகிறவர்களுக்குச் சுருதி கட்டைக் கணக்கில்தான். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று. ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவிலுள்ள கறுப்பு, ஐந்தரை. என் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஐந்தரை. அதை அவள் சொல்வது, சிலர் சொந்த ஊரைச் சொல்வது போல இருக்கும். தையல் ஆறி இரண்டு மாதம் கழித்து வீட்டில் பாடிப் பார்த்தாள். மேல் சட்ஜத்தைத் தொட்டதும் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. நான்கு கட்டைக்கு இறக்கலாமே என்று சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னேன்.

“அஞ்சரை வந்தா கோயிலுக்கு வரேன். வரலன்னா வேற யாராவது பாடட்டும்” என்றாள். அதோடு சமையலறைக்குப் போய்விட்டாள்.

கையேட்டில் ‘டிரான்ஸ்போஸ்’ என்ற வசதியைப் பற்றிப் படித்தது அந்த வாரம்தான். கைவிரல் இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஒலி மட்டும் வேண்டிய அளவுக்கு ஏறும், இறங்கும். மைனஸ் மூன்று வைத்தால் கறுப்பையும் சேர்த்து எண்ணி மூன்று கட்டை இறங்கும், ஐந்தரைக் கட்டையை அழுத்தும்போது நான்கு கட்டை கேட்கும். வைத்தேன். திரையில் தெரியும் எண்ணின் மேல் பாட்டு நோட்டைச் சாய்த்தேன். அவளை உட்கார வைத்து, அவள் பார்க்கும்படி கறுப்புக் கட்டையில் விரலை வைத்தேன்.

“அஞ்சரைதானே?” என்றாள்.

“விரல் எங்க இருக்குன்னு நீயே பாரேன்” என்றேன்.

பொய்யில்லை. கோப்பில் எழுதக்கூடிய பதில்.

அவளுக்குக் காது இல்லையா என்று கேட்கலாம். என்னைவிட நல்ல காது. ஆனால் அறுவைக்குப் பிறகு தொண்டை சொல்வது எதையும் அவள் நம்பவில்லை, கண்ணைத்தான் நம்பினாள். மேல் சட்ஜம் முழுசாக வந்தது. அதற்கும் மேலே ஒரு காந்தாரம் தொட்டுவிட்டு இறங்கினாள். என்னைப் பார்க்காமல், வந்துட்டுது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தாள்.

என் நிம்மதி அன்றோடு போயிற்று. மின்சாரம் கண் இமைத்தால் போதும், எண் பூஜ்யமாகிவிடும். பௌர்ணமி கிரிவலம் நெருங்க நெருங்க தெருவெல்லாம் சீரியல் விளக்கு போடுவார்கள். விளக்கு மங்கி எரியும் ஒவ்வொரு தடவையும் நோட்டை லேசாகத் தூக்கி எண்ணைப் பார்த்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே மாடிக்கும் கீழுக்குமாக நடப்பேன், எதிர்வீட்டுக்காரரிடம் கரண்ட் இருக்கிறதா என்று கேட்பேன். பட்டப்பகலில் அவர் வீட்டு மின்விசிறி சுற்றுவது எனக்கே தெரியும். சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிக் கருவிக்குக் கீழே வைத்தேன். அதையும் நம்பவில்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். பக்கம், பத்தி, திரையின் படம் இணைப்பு ஒன்று முதல் மூன்று வரை. மின்னஞ்சலில் ஒன்று, ஸ்பீடு போஸ்டில் நகல். உங்கள் கடிதம் கிடைத்தது என்று எந்திரம் ஒன்று பதில் சொல்லி ஒரு எண்ணையும் கொடுத்தது. இரண்டு வாரம் கழித்து, வாங்கிய ரசீதின் நகலைக் கேட்டார்கள். வெளிநாட்டுக்காரர் கைப்படக் கொடுத்திருந்த கடிதத்தை அனுப்பி, என் கேள்வி உத்தரவாதத்தைப் பற்றியதல்ல, கையேட்டின் உண்மைத்தன்மையைப் பற்றியது என்று சுட்டிக்காட்டினேன். அப்புறம் மௌனம். முதல் நினைவூட்டு. இரண்டாம் நினைவூட்டு. நானும் என் காலத்தில் இப்படிப் பலருக்குப் பதில் போடாமல் இருந்திருக்கிறேன். அதனால் அவர்களுடைய முறை எனக்குப் புரிந்தது. கோபம் குறையவில்லை.

ஏழு வெள்ளிக்கிழமை நன்றாகப் போயிற்று. எட்டாவதில் மின்சாரம் போகவில்லை. பாட்டுக்கு நடுவே சுண்டல் பாத்திரத்தை எடுக்க எழுந்த ஒரு பெண்ணின் கால், கருவிக்குப் போகும் வயரில் மாட்டியது. யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயர் தரையில் கிடந்தது. மின்வெட்டு, மழை, குறைந்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு வைத்திருந்தேன். கால் என் பட்டியலில் இல்லை.

மறுபடி சொருகினேன். கருவி விழித்துக்கொள்ள நாற்பது விநாடி. எல்லாரும் கையில் தாளத்தோடு காத்திருந்தார்கள். தடுக்கிய பெண் குற்ற உணர்ச்சியோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்து, உதவியாகப் பாட்டு நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் பொத்தானை மூன்று முறை அழுத்தினேன்.

“சார், மைனஸ் மூணுன்னு வருதே, ஏதாவது ரிப்பேர் ஆயிடுச்சா?”

கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், கோயில் முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டாள். மனைவி திரும்பித் திரையைப் பார்த்தாள். பிறகு என் விரலை. மறுபடி திரையை.

“சைபர் வைங்க” என்றாள்.

தயங்கினேன். அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை. வைத்தேன். விட்ட அடியிலிருந்து எடுத்தாள். மேலே போகிற இடம் வந்தது, போனாள், உடைந்தது. பின்பாட்டுக்காரர்கள் அவசரமாகச் சேர்ந்து பாடி அந்த இடத்தை மூடினார்கள். ஆரத்தி வரை அவள் தாளம் மட்டும் போட்டாள்.

வீடு இரண்டு தெரு தள்ளி. கருவியை ஆட்டோவில் வைத்து அனுப்பிவிட்டு நடந்தோம். பாதி வழியில் கேட்டாள்: “ஏழு வாரமா பாடினது நானா, அந்தப் பொட்டியா?”

நீதான், பெட்டி உன் பின்னால் வந்தது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் எனக்குக் கிடைத்தது மூன்று நாள் கழித்து. உடனே பதில் சொல்லும் பழக்கம் எங்கள் துறையில் இல்லை.

மூன்று வெள்ளிக்கிழமை இருவரும் போகவில்லை. வீட்டில் அவள் வழக்கம் போலவே இருந்தாள். குக்கரை வைத்துவிட்டு முணுமுணுக்கும் பாட்டு மட்டும் இல்லை. அந்த இடைவெளி தம்பூராவின் கிளிக்கைவிட மோசம். நான் மூன்றாம் நினைவூட்டும் நான்காம் நினைவூட்டும் எழுதினேன். வேறு யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நிறுவனத்துக்கு முகவரி இருந்தது.

நான்காவது வாரம் பஜனைப் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி வயரில் தடுக்கியவள். காபி குடித்து முடிக்கிற வரைக்கும் மாவு மில், பேருந்துக் கூட்டம் என்று பேசினார்கள். பிறகு அவள்தான் ஆரம்பித்தாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அஞ்சரை எங்க யாருக்குமே எட்டாது. இத்தன வருஷமா உங்களுக்காகக் கத்திக்கினு இருந்தோம்.”

“என்னடி சொல்ற?”

“அந்த ஏழு வாரந்தான் தொண்ட கட்டாம வீட்டுக்குப் போனோம். மெஷின் நல்ல மெஷின் போலன்னு பேசிக்கினோம்.”

“ஒரு தடவகூட சொல்லலியே.”

“நீங்க பாட ஆரம்பிச்சா நடுவுல யாரு பேசறது?” என்றாள் மற்றவள். “உங்களக் கண்டா பயம்க்கா.”

மனைவிக்கு முதலில் முகம் சுருங்கியது. அத்தனை வருடத்து ஐந்தரையை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் கழித்துவிட்டார்கள். பிறகு அவர்களைத் திட்ட ஆரம்பித்தாள்: வாயை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள், கடைசி வரியில் ஆளுக்கொரு பக்கம் போனது இதனால்தானா என்று. வெகுநேரம் திட்டினாள். அவர்கள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்கள். போகும்போது, இந்த வெள்ளிக்கிழமை யார் பாடுவது என்று எவரும் கேட்கவில்லை. பூ யார் முறை என்று மட்டும் பேசி முடிவு செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் மின்னஞ்சல் வந்தது. நிறுவனத்திலிருந்து, பெயர் போட்டு, ஒரு மனிதர் எழுதியது. நாற்பத்தேழாம் பக்கம் பொது அமைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். டிரான்ஸ்போஸ் என்பது ஒவ்வொரு வாசிப்புக்கும் தனியாக வைக்கும் அமைப்பு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பைக் காண்க. அணைத்ததும் பூஜ்யமாவது பழுதல்ல. வாசிப்பவர் அதை மறந்துவிட்டு மற்றவர்களோடு வேறு சுருதியில் வாசித்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறோம்.

“கம்பெனிக்காரங்களா? என்னவாம்?” என்றாள் மனைவி.

“அடிக்குறிப்பப் படிக்கலன்னு சொல்றாங்க.”

“உங்களயா?” என்று சிரித்தாள். ஏறக்குறைய ஒரு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாலு கட்டை. சைபர்லயே வைங்க” என்றாள்.

நான்காவது வெள்ளைக் கட்டையில் விரலை வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நிறுவனக் கடிதங்களின் கோப்பை எடுத்து, கடைசித் தாளின் ஓரத்தில் எழுதினேன்: பதில் பெறப்பட்டது, ஆவணி இரண்டாம் வெள்ளிக்கிழமை.