பாசியக்காவின் நாற்பத்திரண்டாவது கடிதம்

பாசியக்கா கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். மூடியைத் திறந்து முகர்கிறார். "இது மூணாம் தொட்டித் தண்ணி. சீட்டை மாத்தி ஒட்டியிருக்காங்க." சோதித்துப் பார்த்தால் மூன்றாம் தொட்டியேதான். குடிநீர் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு என் பக்கத்து இருக்கை. பதின்மூன்று வருடமாக நுண்ணோக்கியில் பாசிகளையே பார்த்துப் பார்த்து, பெயரே பாசியக்கா என்றாகிவிட்டது. "யாரையும் வழுக்கி விடாத வரைக்கும் சரிதான்" என்பார்.

பாசிகளுக்கும் அவர் உறவுமுறை வைத்திருக்கிறார். சுருள் சுருளாக வருவது "சின்ன மாமியார்". வடிகட்டும் மணலை அடைத்துக்கொள்வது "கூப்பிடாம வந்த சம்பந்தி".

முப்பத்தேழு வயதில், பஸ் ஓட்டும் கணவரும் பத்து வயது மகளும் இருக்க, உதவித்தொகையோடு வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்வேன் என்று கிளம்பினார். "ஆழம் தெரியாம காலை விடாதீங்கம்மா" என்றார் மேலாளர். "ஆழம் பாக்குறதுதான சார் நம்ம பொழப்பே!"

பேராசிரியர்களுக்கு நாற்பத்தோரு கடிதம் எழுதினார். 'தங்கள் மேலான ஆய்வுக்குழுவில்' என்று எல்லாம் ஒரே அச்சு. வந்த பதில் மூன்று. மூன்றிலும் நிதி இல்லை. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் நான் கேட்டுவிட்டேன்: "அக்கா, அவங்க எழுதின கட்டுரை ஒண்ணாவது படிச்சீங்களா?"

கவளம் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. "அடச்சே! பொண்ணு யாருன்னே தெரியாம நாப்பத்தோரு வீட்டுல பொண்ணு கேட்டிருக்கேன்!"

அதன்பிறகு ஒரு மாதம் படித்தார். பஸ்ஸில், வரிசையில், தொட்டிக்கரையில். ஒரு பெண் பேராசிரியரின் கட்டுரையில், மழை தொடங்கியதும் சம்பந்திப் பாசி குறைவதாக ஒரு வரைபடம் இருந்தது. 'எங்கள் தொட்டிகளில் கூடுகிறதே, ஏன்?' என்று நான்கே வரி எழுதிப் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் பதில். எத்தனை வருடமாகப் பார்க்கிறீர்கள், குறிப்புகள் இருக்கின்றனவா?

"இருக்கான்னா கேக்குறாங்க!" அலமாரியிலிருந்த ஆறு வருட நோட்டுகளும் என் மேசையில் வந்து விழுந்தன. படம் எடுத்து அனுப்பவே இரண்டு நாள் ஆனது.

நேர்காணல் வீட்டிலிருந்தபடியே கணினித் திரையில் நடந்தது. குக்கர் விசில் கேட்டுவிடும் என்று கணவர் அன்று அடுப்பையே பற்றவைக்கவில்லையாம். படிப்பை விட்டுப் பதின்மூன்று வருடம் ஆகிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குச் சொன்ன பதிலை எங்களுக்கு எழுந்து நின்று நடித்துக் காட்டினார்: "விட்டேன்னு யாரு சொன்னா? இத்தனை வருஷமும் சம்பளம் வாங்கிட்டுப் படிச்சேன்!"

செவ்வாய்க்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. நான்கு வருட ஆய்வு, மாதச் சம்பளம், குடும்பமும் கூடப் போகலாம். பாசியக்கா போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஏதோ கொட்டிவிட்டது என்று துணியோடு ஓடிவந்தார்கள். அதற்குள் அவர் போனில் இருந்தார். "ஏங்க, கெடைச்சிருச்சுங்க!"

பணிமனையில் இருந்த கணவர் கேட்டார்: "அங்க வண்டி ரோட்டுல எந்தப் பக்கமா போகுது, லெப்டா ரைட்டா?"

பாசியக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பாப்பாகிட்ட நானே சொல்றேன், நீங்க உளறிடாதீங்க" என்று போனை வைத்துவிட்டு, ஏற்றுக்கொள்வதாக மூன்று வரி பதில் தட்டினார். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை அழித்து எழுதினார்.

"தப்பு ஏதாச்சும் இருக்கான்னு நிதானமாப் பாரு" என்று திரையை என் பக்கம் திருப்பினார். முதல் வரியைக்கூட நான் முடிக்கவில்லை. என் தோளுக்கு மேலாக அவர் கை நீண்டு வந்து, அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டது.