ஆறாம் பகுதி

ஒரு கையால் பருப்பைக் கிண்டிக்கொண்டு மறு கையில் நாவலைப் பிடித்தபடி நிற்கிறாள் மஸாஹிரா. அரைப் பக்கம் முடிந்ததும் முற்றத்துக்குப் போய்க் கொடியில் கிடக்கும் துணி காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பாள். திரும்பி வந்து இன்னொரு அரைப் பக்கம். உட்கார்ந்து வாசித்து அவளை யாரும் கண்டதில்லை. பருப்பு இறங்கியதும் நாவலைக் கொப்பிக்குள் செருகிவிட்டுக் கணவரின் புஜத்தில் பிரஷர் மெஷினின் பட்டியைச் சுற்றுவாள். "அளக்கக்குள்ள பேசாதீங்க. நம்பர் ஏறும்."

வயது ஐம்பத்தொன்பது. கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடயில் அவளுடைய ஒழுங்கையில் இருக்கிற எல்லாருடைய பிரஷரும் தேதி வாரியாக அந்தக் கொப்பியில் இருக்கிறது. படுக்கையில் விழுந்தவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கொரு தரம் புரட்டிவிடவும், முழங்கால்களுக்கிடையில் தலையணை வைக்கவும் அவளுக்கு யாரும் படிப்பித்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் சரியாகவே செய்வாள்.

அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் கணவர் ஜமால்தீன், அவள் வாசிக்கும் நாவலின் ஊட்டிக் காதலன் இன்றைக்கு எத்தனையாவது தரம் மழையில் நனைந்தான் என்று காலைச் சாப்பாட்டோடு விசாரிப்பார். அவளும் அந்த நாவல்களைக் கிண்டலடிக்காமல் விடுவதில்லை. "கதாநாயகி பதினொரு தரம் மயங்கி உழுறா. ஒருத்தனாவது காலத் தூக்கி உசரத்துல வெச்சானா? எல்லாரும் பேரச் செல்லிக் கூப்புடுறான்."

பதினெட்டு வயதில் இப்படிச் சிரிக்கவில்லை. அப்போது கண்டியிலிருந்து மாதத்துக்கு ஒரு நாவல் வரும். ஆறு பெண்கள் சேர்ந்து வாங்கி, ஸ்டேப்ளர் கம்பியைக் கழற்றி ஆறு பகுதியாகப் பிரிப்பார்கள். ஆளுக்கொரு பகுதி, தேசப்படப் புத்தகத்துக்குள் வைத்து வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் மாற்றிக்கொள்வார்கள். கல்யாணத்தை முதலில் வாசித்துவிட்டுச் சண்டைக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

நீலக் குடை அட்டை போட்ட நாவலின் ஆறாம் பகுதி முதலில் பக்கத்து வீட்டு ருக்கியாவிடம் போனது. அங்கேயே தொலைந்தும் போனது. தான் வாசித்து முடித்துவிட்டதாகச் சொல்லி, மற்ற ஐந்து பேருக்கும் முடிவை ருக்கியா வாயால் சொன்னாள்: கதாநாயகி வேலைக் கடிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு ஊட்டி டாக்டரிடம் ஓடிப் போகிறாள். ஐந்து பேரும் அழுதார்கள்.

அதே மாதத்தில் மஸாஹிராவுக்குத் தாதியர் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஜமால்தீன் வீட்டிலிருந்தும் பெண் கேட்டு ஆள் வந்தது. வாப்பா எதையும் தடுக்கவில்லை. பயிற்சி வேண்டாம் என்று சொன்னது அவள்தான். இன்றைக்குக் கேட்டால், "அந்தக் கதைக்காக இல்ல" என்பாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா, அதும்தான்" என்பாள்.

கண்டியில் மருந்து வாங்கப் போன ஒரு நாள், பழைய புத்தகக் கடையில் அந்தக் காலத்து நாவல்கள் குவிந்து கிடப்பதைக் கண்டாள். அன்றிலிருந்து நாலு மாதத்தில் முப்பத்தொன்று வாங்கியாயிற்று. தேடியது ஒன்றைத்தான். நீலக் குடை போன செவ்வாய்க்கிழமை அகப்பட்டது. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். கடிதம் கிழிபடவே இல்லை. டாக்டரை ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கதாநாயகி வேலைக்கு ரயில் ஏறுகிறாள். மஸாஹிரா இரண்டு தரிப்பிடத்துக்கு முன்பே இறங்கி, மிச்ச வழியை நடந்தே வந்தாள்.

ருக்கியா இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து ஐந்து வாரம். தினமும் காலையில் வோக்கரைப் பிடிக்கவைத்துக் கட்டிலிலிருந்து கதிரை வரை அவளை நடத்துவது மஸாஹிராதான். நாவல் அகப்பட்ட மறுநாள், பாதித் தூரத்தில் மஸாஹிரா கேட்டாள்.

"நீலக் குட முடிவ நீ வாசிச்சியா டீ?"

ருக்கியா வோக்கரை இறுக்கிப் பிடித்தாள். "இல்ல. உம்மா அத அடுப்புக்குப் போட்டுட்டா. நீங்க அஞ்சி பேரும் வாசல்ல வந்து நின்டீங்க. வாயில வந்தத சென்னேன்."

"கடிதத்தக் கிழிக்கிறது எப்பிடி வாயில வந்திச்சி?"

"ஒனக்கும் கடிதம் வந்து ஈந்திச்சே. நீ போனா நான் இஞ்ச தனிய."

மஸாஹிரா பிரஷர் எழுதக் கொண்டுவந்திருந்த கொப்பிக்குள்ளிருந்து நாவலை எடுத்தாள். கம்பிகளை நகத்தால் நெம்பிக் கழற்றிக் கடைசிப் பகுதியை மட்டும் பிரித்தாள். அதைக் கொண்டுபோய்க் கதிரையின் மேல் வைத்தாள். ருக்கியா அதைப் பார்த்துக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தாள். இன்னும் இரண்டு எட்டுத்தான் இருந்தது.

மஸாஹிரா கதிரையைக் காலால் சுவர்ப் பக்கமாக இன்னும் நாலடி தள்ளிவிட்டாள்.